வேரைப் பார்க்காத அன்பு

நல்லெண்ணத்தோடு செய்த ஒரு காரியம் தீங்காக முடிந்துவிட்டால், செய்தவன் குற்றவாளியா?

நீதிமன்றத்தில் இந்தக் கேள்விக்கு எப்படியோ ஒரு விடை கிடைத்துவிடும். சட்டம் நோக்கத்தையும் பார்க்கும், விளைவையும் பார்க்கும், இரண்டையும் சீர்தூக்கி ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடும். இதே கேள்வி வீட்டுக்குள் எழும்போதுதான் தொல்லை. அங்கே நீதிபதி இல்லை. "நான் நல்லதுக்குத்தானே செய்தேன்?" என்று ஒருவர் கண்கலங்கிக் கேட்டால், எதிரே இருப்பவர் வாயடைத்துப் போகிறார். அதற்கு மேல் பேசினால் நன்றி கெட்டவர் என்ற பெயர்தான் மிஞ்சும். இந்த ஒரு வாக்கியம் எத்தனையோ குடும்பங்களில் எத்தனையோ தவறுகளுக்குத் திரையாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இதை ஆராய்வதற்குப் பெரிய தத்துவ நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. ஒரு பூஞ்செடி போதும். ஆர்க்கிட் என்று ஒரு செடி இப்போது பெரிய ஊர்களின் மலர்க்கடைகளிலிருந்து சிற்றூர்களின் வீடுகள்வரை பரிசுப் பொருளாக வந்து இறங்குகிறது. பிறந்தநாளுக்குக் கொடுக்கிறார்கள், புதுமனை புகும்போது கொடுக்கிறார்கள். வந்து இறங்கும்போது அரச குமாரியைப்போல் நிமிர்ந்து நிற்கிறது. வளைந்த தண்டில் வரிசை வரிசையாகப் பூக்கள். மெழுகில் செய்தவைபோல் இதழ்கள். ஒரு மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போனால், அரச குமாரி நோயாளியாகக் கிடக்கிறாள். வீட்டார் முகத்தில் குற்ற உணர்வும் குழப்பமும். "என்ன குறை வைத்தோம் இதற்கு?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் உண்மையான விடை, "குறை ஒன்றும் வைக்கவில்லை, அதனால்தான் வாடுகிறது" என்பதாக இருக்கிறது.

கதை எழுதிப் பழகியவனுக்கு ஒரு வீட்டைக் கற்பனையில் கட்டிக்கொள்வது எளிது. அந்த வீட்டை எப்போதும்வென்றானில் கட்டுகிறேன். மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் பெருஞ்சாலையில், எட்டயபுரத்தைத் தாண்டியதும் வரும் ஊர் அது. கோவில்பட்டியைச் சுற்றிப் பரந்து கிடக்கும் கரிசல் பூமியின் ஒரு பகுதி. பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மிளகாயும் விளையும் மானாவாரிக் காடு. ஆண்டு முழுதும் சேர்த்து 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் பெய்வது. மற்ற மாதங்களில் வெயிலும் காற்றும்தான் ஆட்சி.

அந்த வீட்டில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர், அவருடைய மனைவி. பிள்ளை பெங்களூரில் வேலை பார்க்கிறான். பெற்றோரின் மணிவிழாவுக்கு வந்தவன், வெண்மலர்கள் பூத்த ஆர்க்கிட் ஒன்றைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுக்கிறான். ஃபலனாப்சிஸ் என்ற இனம். அந்துப்பூச்சியைப் போன்ற பூ என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். மகன் ஊர் திரும்பியதும் ஆசிரியர் செடியைப் பார்க்கிறார். கையகலப் பிளாஸ்டிக் கிண்ணம். அதற்குள் ஒரு பிடி காய்ந்த பாசி. மண் என்பதே இல்லை. "பாவம், பட்டினி போட்டு வைத்திருக்கிறார்களே" என்று இரங்குகிறார். நல்ல மண்தொட்டி ஒன்று வாங்கி, தம் காட்டுக் கரிசலை நிரப்பி, தொழு உரம் கலந்து, செடியை அதில் அழுத்தி நட்டு வைக்கிறார். அம்மா காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறாள்.

பதினைந்து நாளில் பூக்கள் உதிர்கின்றன. பிறகு இலைகள் சுருங்கித் துவள்கின்றன.

"என்னங்க, இலையெல்லாம் தொங்கிப் போச்சு. இன்னொரு செம்பு ஊத்தட்டுமா?"

"ஊத்து. நம்ம ஊர் வெயிலுக்கு அதுக்குத் தாகம் அடங்கலை."

அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிறாள். "மதினி, கண்ணு பட்டிருக்கும். உப்பும் மிளகாயும் எடுத்துச் சுத்திப் போடுங்க." அதுவும் நடக்கிறது. செடி தேறவில்லை. மணிவிழாவுக்கு வந்த செடி இப்படி வாடுகிறதே என்ற அச்சம் அம்மாவின் மனத்தில் புகுந்துவிடுகிறது. அவள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. மூன்றாவது செம்பாக ஊற்றுகிறாள்.

இந்த வீட்டில் கெட்டவர் யார்? ஒருவரும் இல்லை. எல்லாரும் கொடுத்தவர்கள். ஆனாலும் செடி சாகிறது. எதனால் சாகிறது என்பதைத் தெரிந்துகொண்டபிறகு பொறுப்பைப்பற்றிப் பேசலாம்.

இந்த வகை ஆர்க்கிட் மண்ணில் வாழப் பிறந்ததன்று. மழைக்காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளர்வது. மரத்தின் சாற்றை உறிஞ்சும் புல்லுருவியோடு இதைச் சேர்த்துப் பேசக்கூடாது. மரத்தினிடம் இது கேட்பது நிற்க ஓர் இடம் மட்டுமே. இதன் வேர்கள் காற்றில் தொங்குகின்றன. அந்த வேர்களைச் சுற்றிக் கடற்பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது. மழை பெய்யும்போது அந்த உறை நீரை வாரிக்கொள்கிறது. வேர் பச்சை நிறமாகிறது. மழை விட்டதும் காற்று வந்து வேரை உலர்த்துகிறது. வேர் மறுபடியும் வெள்ளி நிறமாகிறது. நனைவதும் உலர்வதும் மாறி மாறி வருவதுதான் அதற்கு மூச்சு.

கரிசல் மண்ணின் இயல்போ இதற்கு நேர் எதிர். மிக நுண்ணிய களிமண் அது. நீர் பட்டால் உப்பும். துகள்கள் ஒன்றோடொன்று இறுகி ஒட்டிக்கொள்ளும். உள்ளே வாங்கிய ஈரத்தை எளிதில் விடாது. பருத்திக்கு அது அமுதம். ஆர்க்கிட்டின் வேருக்கு அது அணைக்கப்பட்ட கையே கழுத்தை இறுக்கியதுபோல. காற்றில்லாமல் வேர் திணறுகிறது, பூஞ்சை பற்றுகிறது, பழுப்பாகி அழுகுகிறது. வேர் அழுகியபின் தொட்டியில் எவ்வளவு நீர் இருந்தாலும் அது இலைக்கு ஏறாது. ஆகவே இலை சுருங்குகிறது. கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு செடி தாகத்தால் சாகிறது.

இதில் கவனிக்கவேண்டிய உண்மை ஒன்று உண்டு. தண்ணீர் இல்லாமல் வாடும் இலையும், தண்ணீர் மிகுந்து வேர் அழுகியதால் வாடும் இலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நேர்மாறான இரண்டு நோய்களுக்கு ஒரே முகம். முகத்தை மட்டும் பார்ப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த மருந்தையே கொடுப்பார்கள். அந்த மருந்து பாதி வேளைகளில் நோயையே வளர்க்கும். வேரைப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும்.

செடி வாடும் வீட்டில் செய்யவேண்டியது என்ன? முதலில், அது உண்மையிலேயே நோயுற்றிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஃபலனாப்சிஸின் பூ இரண்டு மூன்று மாதம் நின்று, பிறகு தானாகவே உதிரும். அடியிலுள்ள பழைய இலை ஒன்று மஞ்சளாகி விழுவதும் இயல்பு. அது முதுமை, நோயன்று. விழா நடந்த வீடென்றால் இன்னொரு காரணமும் இருக்கலாம். பழுத்துக்கொண்டிருக்கும் வாழைத்தார் பக்கத்தில் தொங்கினால், பழத்திலிருந்து வெளிப்படும் எத்திலீன் என்ற வாயு பூக்களையும் மொட்டுகளையும் நாளுக்கு முன்னே உதிர்த்துவிடும். இலை விறைப்பாக இருந்து பூ மட்டும் உதிர்ந்தால் அஞ்சவேண்டியதில்லை.

இலையும் துவண்டால், செடியைத் தொட்டியிலிருந்து மெல்ல எடுத்து வேர்களைக் கழுவிப் பார்க்கவேண்டும். கெட்டியாக, வெள்ளையாகவோ பச்சையாகவோ இருப்பது உயிருள்ள வேர். தொட்டால் நசுங்கி, மேலுறை கழன்று, உள்ளே நூல்போல் ஒன்று மிஞ்சுவது செத்த வேர். நெருப்பில் காட்டி ஆறவைத்த கத்தியால் செத்தவற்றை வெட்டிவிட்டு, செடியை ஒரு நாள் நிழலில் காயவிடலாம். பிறகு பக்கங்களிலும் துளையுள்ள சட்டியில், கரித்துண்டும் செங்கல் துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் போட்டு நிற்க வைக்கலாம். வேர் வெள்ளி நிறமானபின் காலை நேரத்தில் நனைத்து, நீர் முழுதும் வடிந்துபோக விடவேண்டும். நடுக்குருத்தில் நீர் தங்கக்கூடாது. தங்கினால் குருத்தே அழுகிவிடும். கரிசல் கிணறுகள் பலவற்றில் நீர் உப்புக் கரிக்கும். அந்த உப்பு வேரில் படியும். பிடித்து வைத்த மழைநீர் நல்லது. நேர் வெயில் படாத வெளிச்சமும், ஆடிக் காற்றின் வறட்சி தாக்காத மறைவும் வேண்டும். இலைக்கு அடியில் மாவுப்பூச்சியோ செதிள்பூச்சியோ ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடைத்து எடுக்கவேண்டும். புதுவேர் விடும்வரை உரம் கூடாது. குடல் புண்ணானவனுக்கு யாராவது விருந்து வைப்பார்களா?

இத்தனையும் செய்தாலும் சில செடிகள் பிழைப்பதில்லை. சில செடிகளின் வேர் கடையில் இருந்தபோதே அழுகத் தொடங்கியிருக்கும். பல நாள் பயணத்தில் சில நலிந்திருக்கும். இப்போது நாம் பார்க்கும் மலர், பல மாதங்களுக்குமுன் வேறெங்கோ கிடைத்த நல்வாழ்வின் பயன். மலரை வைத்துச் செடியின் உடல்நலத்தைக் கணிக்க முடியாது. ஆகவே சாகும் செடிக்கெல்லாம் கடைசியாகத் தண்ணீர் ஊற்றியவரைக் கொலையாளி ஆக்குவதும் நியாயமன்று.

இந்தப் பிழை ஏதோ கரிசல்காட்டு வீட்டுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடக்கூடாது. படிப்பும் பணமும் மிகுந்த ஒரு நாடே பல்லாண்டு இதைச் செய்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துச் செல்வர்களுக்கு ஆர்க்கிட் பித்துப் பிடித்தது. கீழை நாடுகளிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் செடிகளைக் கப்பல் கப்பலாக வரவழைத்தார்கள். வெப்ப நாட்டுச் செடிகள் அல்லவா, வெப்பம்தானே வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். கண்ணாடி வீடு கட்டி, கதவு சன்னல்களை அடைத்து, உள்ளே நெருப்பு மூட்டி, நீராவி மண்ட வைத்தார்கள். அந்த வீட்டுக்கு அவர்களுடைய தோட்டக்காரர்கள் வைத்த பெயரே அடுப்பு என்பதுதான். செடிகள் அந்த அடுப்பில் வெந்து மடிந்தன. ஆங்கில நாடு ஆர்க்கிட்களுக்கு இடுகாடாக இருந்தது என்று அந்நாட்டுத் தாவர அறிஞரே பிற்காலத்தில் வருந்திச் சொல்லும்படி ஆயிற்று.

அங்கேயும் கொடுத்த கை ஓயவில்லை. கேட்ட வாய்தான் இல்லை. "நீ எந்த மலையில் இருந்தாய்? அங்கே காற்று வீசுமா? இரவில் குளிருமா?" என்று செடியை ஒருவரும் கேட்கவில்லை. 1830-களில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் போன்ற சிலர்தாம் சன்னலைத் திறந்து காற்றை உள்ளே விட்டார்கள். வெவ்வேறு செடிக்கு வெவ்வேறு வெப்பநிலை வைத்தார்கள். செடிகள் பிழைக்கத் தொடங்கின.

நம் நாட்டுக் காசி மலைகளிலும் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அங்கே நீல வாண்டா என்ற அழகிய ஆர்க்கிட்டை 1837-இல் வில்லியம் கிரிஃபித் கண்டார். 1850-இல் அங்கே சென்ற ஜோசப் டால்டன் ஹூக்கர், கியூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை அளவு நீல வாண்டாவைச் சேர்த்தனுப்பினார். இங்கிலாந்துக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தவை மிகச் சில. இன்னொருவர் அனுப்பிய ஓர் ஆள் சுமை, நலிந்த நிலையில் போய்ச் சேர்ந்தும் 300 பவுனுக்கு விற்றது. இவ்வளவையும் எழுதிவைத்த ஹூக்கரே இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். அந்தச் செடி தன் மலையில் வெயிலிலும் காற்றிலும், குளிர்கால வாடையிலும், மழைக்குப் பின் வரும் வறட்சியிலும் திறந்த வெளியில் வாழ்கிறதென்றும், ஆங்கிலத் தோட்டக்காரரின் வளர்ப்பு முறை அதற்கு முற்றும் மாறானதென்றும் குறித்திருக்கிறார். அவர் பார்த்தார், அறிந்தார். ஆனால் அந்த அறிவு கண்ணாடி வீட்டுக்குப் போய்ச் சேருமுன் ஏழு சுமை போய்விட்டது.

இவ்வளவு தொலைவு போய்த்தான் இந்தப் பாடத்தைப் படிக்கவேண்டுமா? வேண்டியதில்லை. எப்போதும்வென்றான் ஆசிரியருக்கு இது முன்பே தெரிந்த பாடம். அவர் கரிசல்காட்டில் பருத்தி விதைத்தவர். மழை பெய்த மறுநாளே கரிசலில் ஏர் இறக்குகிறவன் உண்டா? இறக்கினால் கொழுவிலும் காலிலும் மண் அப்பிக்கொள்ளும். அதிகம் காயவிட்டாலும் கட்டி கட்டியாக இறுகிவிடும். இரண்டுக்கும் நடுவே சில நாட்கள்தான் பதம். அந்தப் பதத்தைக் கரிசல் விவசாயி கையால் தொட்டும் காலால் மிதித்தும் தெரிந்துகொள்கிறான். மண் 'இப்போது வா' என்று சொல்லும்வரை காத்திருக்கிறான். கோவில்பட்டியில் 1901 முதல் இருந்துவரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் இந்த வழியில்தான் உழைத்திருக்கிறது. இந்தப் பூமி எதை ஏற்கும், இந்த மழைக்கு எது தாங்கும் என்று கேட்டுக் கேட்டுத்தான் அங்கே பருத்தியிலும் சோளத்திலும் நல்ல விதைகளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

காட்டில் இத்தனை பொறுமையோடு மண்ணைக் கேட்டவர், வீட்டில் செடியைக் கேட்காமற் போனது ஏன்? அன்பு மிகுந்ததனால்தான். பருத்தி அவருக்குத் தொழில். ஆர்க்கிட் மகன் கொடுத்த பரிசு. தொழிலில் மனம் நிதானமாக இருக்கிறது, பாசத்தில் பதறுகிறது. பதறும் மனம் எதையாவது செய்தாக வேண்டும். சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது அன்பில்லாமைபோல் அதற்குத் தோன்றுகிறது. மூன்றாவது செம்புத் தண்ணீர் யாருக்காக ஊற்றப்பட்டது? செடிக்காக என்றா நினைக்கிறீர்கள்? ஊற்றியவளின் அச்சத்துக்காக அல்லவா? நம்முடைய கொடைகளில் எத்தனை, பெறுகிறவரின் குறையைத் தீர்க்கப் பிறந்தவை? எத்தனை, நம் நெஞ்சின் படபடப்பைத் தணிக்கப் பிறந்தவை? இந்தக் கணக்கை நாம் எழுதிப் பார்ப்பதே இல்லை.

தமிழ் மரபில் செடிக்கு இரங்கியவன் என்றால் பாரிதான். படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டுப் போனான். ஒரு சிறு கழி போதுமே, இதற்கு ஒரு தேரா என்று பிற்காலத்தார் அதைக் கொடைமடம் என்றார்கள். அளவில் அது மடம்தான். ஆனால் பாரி பார்த்த பார்வையில் மடம் இல்லை. முல்லை எதற்காகத் தவிக்கிறது என்பதை அவன் சரியாகக் கண்டான். தண்ணீர் ஊற்றவில்லை; பொன்னைக் கொட்டவில்லை; பற்றிக்கொள்ள ஒன்றைக் கொடுத்தான். அளவு தவறலாம்; பொருள் தவறக்கூடாது. நாமோ பெரும்பாலும் அளவில் கஞ்சர்களாக இருப்பதில்லை; பொருளில்தான் தவறுகிறோம்.

செடியிலிருந்து மனிதருக்கு வருவோம். அதே வீட்டை இன்னும் பத்து ஆண்டு கழித்துப் பார்ப்போம். ஆசிரியர் காலமாகிவிட்டார். "இனிமே நீங்க இங்கே தனியா இருக்க வேண்டாம்மா" என்று மகன் தாயைப் பெங்களூருக்கு அழைத்துப் போகிறான். அடுக்குமாடியில் பத்தாவது மாடி. அவளுக்கென்று ஓர் அறை; மெத்தென்ற கட்டில்; பெரிய தொலைக்காட்சிப் பெட்டி. வேளைக்கு உணவு, மாத்திரை, பழச்சாறு. நல்ல பிள்ளை, ஊரே மெச்சும் பிள்ளை. ஆறு மாதத்தில் தாய் துவள்கிறாள். உணவு இறங்கவில்லை, பேச்சுக் குறைகிறது. மகன் பெரிய மருத்துவரிடம் காட்டுகிறான். சத்து மருந்து வருகிறது. இன்னும் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி வருகிறது.

அவளுக்கு வேண்டியிருப்பது என்ன? சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து உளுந்தில் கல் பொறுக்க வேண்டும். தெருவில் போகிறவள் "சாப்பிட்டாச்சா மதினி?" என்று கேட்க வேண்டும். முதல் மழையில் கரிசல் மணக்கும்போது அதை மூக்கால் இழுத்துக்கொள்ள வேண்டும். தன் கையால் யாருக்காவது ஒரு வாய் சோறு போட வேண்டும். இவை அவளுடைய காற்று. இவற்றை ஆடம்பரம் என்று நாம் தள்ளிவைத்துவிட்டு, உணவையும் மருந்தையும் தேவை என்று எண்ணுகிறோம். ஆர்க்கிட்டின் விதை நமக்கு வேறொன்றைச் சொல்கிறது. தூசியைவிடச் சற்றே பெரிதான அந்த விதைக்குள் சேமித்து வைத்த உணவு இல்லை. காட்டில் அதற்கென்று அமைந்த ஒரு பூஞ்சை வந்து சேர்ந்தால்தான் அது முளைக்கும். பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் 1899-இல் இதைக் கண்டறிந்தார். சில உயிர்களுக்குத் துணையே உணவு. மனித உயிரும் அந்த வகைதான் என்பதைக் கண்டறிய ஓர் அறிஞர் வரவேண்டுமா?

அந்த மகனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு அவனால் எப்போதும்வென்றானுக்கு வந்துவிட முடியாது. தாயைத் தனியே விட்டுவிடவும் முடியாது. வாழ்க்கையின் பல முடிச்சுகளுக்கு நேரான அவிழ்ப்பு இல்லை. ஆனால் ஒன்று முடியும். "அம்மா, இங்கே உங்களுக்கு என்ன இல்லை?" என்று கேட்க முடியும். கேட்டுவிட்டு, அவள் "ஒண்ணும் குறையில்லைப்பா" என்று சொல்லும்போது அதை நம்பாமல் இன்னும் சிறிது நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியும். அடுக்குமாடியிலும் ஒரு திண்ணைக்கு இடம் தேட முடியும். ஆண்டில் இரண்டு மாதம், ஐப்பசி மழையின்போதாவது, ஊரில் கொண்டுபோய் விட முடியும். ஆர்க்கிட்டுக்குக் காட்டைக் கொண்டுவர முடியாதவர்கள் கரித்துண்டும் மட்டைத் துண்டும் கொண்டு சமாளிப்பதில்லையா? அது காடாகாது, ஆனால் மூச்சு விட இடம் கொடுக்கும்.

இங்கே ஒரு தடை எழலாம். 'அறிந்தபிறகுதான் அன்பு காட்டவேண்டும் என்றால், யார் எப்போது அன்பு காட்டுவது? பெற்ற தாய் புத்தகம் படித்துவிட்டா பால் கொடுத்தாள்?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. தாய் புத்தகம் படிக்கவில்லை. ஆனால் குழந்தையைப் படித்தாள். பசியில் அழும் அழுகை எது, வயிற்றுவலியில் அழும் அழுகை எது என்று இரவெல்லாம் விழித்துக் கற்றாள். எல்லா அழுகைக்கும் பாலையே புகட்டியிருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா? நான் சொல்லும் அறிவு ஏட்டறிவன்று. உற்றுப் பார்ப்பதால் வரும் அறிவு. அது அன்புக்கு முன்னால் வரவேண்டியதில்லை. கூடவே வந்தால் போதும்.

அறிவு மட்டும் போதும் என்றும் சொல்வதற்கில்லை. ஆர்க்கிட்டைப்பற்றி இன்று மிக நன்றாக அறிந்தவர்கள் அதை வாணிகத்துக்காக வளர்க்கும் பெரும் பண்ணைக்காரர்கள். 1960-இல் ஜார்ஜ் மோரெல் என்ற பிரெஞ்சு அறிவியலார் குருத்தின் நுனியிலிருந்து ஆர்க்கிட்டைப் பெருக்கும் வழியைக் காட்டினார். அது முதல் ஒரு செடியிலிருந்து ஆயிரக்கணக்கில் அதன் படிகளை எடுக்கிறார்கள். எந்த வெப்பநிலையில் வைத்தால் எப்போது பூக்கும் என்று நாள் குறித்துப் பூக்க வைக்கிறார்கள். அத்தனை அறிவும் பூவை விற்பதோடு நின்றுவிடுகிறது. பூ உதிர்ந்ததும் குப்பையில் எறிந்துவிட்டு இன்னொன்று வாங்கும் வழக்கமும் உலகில் பல இடங்களில் வந்துவிட்டது. அந்த அறிவாளிகளுக்கு நடுவே, ஒரு வாடிய செடிக்காகத் தூக்கம் கெட்ட எப்போதும்வென்றான் அம்மாள் எனக்குப் பன்மடங்கு உயர்ந்தவளாகத் தெரிகிறாள். அவளிடம் இருப்பதைக் கற்பிக்க முடியாது. அவளிடம் இல்லாததை ஒரு நாழிகையில் கற்பித்துவிடலாம்.

இனித் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். நல்லெண்ணத்தோடு செய்து தீங்காக முடிந்தால் செய்தவன் குற்றவாளியா? முதல்முறை இல்லை. தெரியாமல் கரிசலில் நட்டவரைக் குற்றவாளி என்று சொல்ல எந்த அறநூலும் துணியாது. ஆனால் பலன் தலைகீழாக வருகிறது என்று கண்ணால் கண்டபிறகும், வேரைப் பார்க்க மறுத்து அதே செம்பை மறுபடியும் தூக்கினால், அப்போது கதை மாறிவிடுகிறது. அப்போது அவர் செடியைக் காப்பாற்றவில்லை. 'நான் நல்லவன்' என்ற தம் எண்ணத்தைக் காப்பாற்றுகிறார். அறியாமைக்கு மன்னிப்பு உண்டு. அறிய மறுப்பதற்கு இல்லை. "நல்லதுக்குத்தானே செய்தேன்" என்ற சொல்லை வாழ்க்கையில் ஒருமுறை சொல்லலாம். அதே உயிரிடம் இரண்டாம் முறை சொல்வதற்குமுன் நன்றாக யோசிக்கவேண்டும்.

இன்னொரு கடமையும் உண்டு. சிலவற்றை நாம் கொண்டுவராமல் இருப்பதே அவற்றுக்குச் செய்யும் அன்பு. நம் பொதிகையின் அகத்தியமலைப் பகுதிக்கே உரிய ஓர் ஆர்க்கிட் உண்டு. பொன்மஞ்சள் பூவில் பாதுகைபோன்ற ஓர் இதழ் கொண்டது. கர்னல் ட்ரூரி என்ற ஆங்கிலேயரின் பெயரைத் தாங்கியது. அழகை விரும்பியவர்கள் தோண்டித் தோண்டியே அது மலையில் அரிதாகிப்போனது. காசி மலையின் நீல வாண்டாவுக்கும் அதே கதி நேர்ந்து, சட்டம் குறுக்கே நின்று காக்கவேண்டியதாயிற்று. அவற்றைப் பார்க்க விரும்பினால் நாம் மலைக்குப் போகலாம். மலையை நம் வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம். ஏற்காட்டில் ஆர்க்கிட்களைப் பேணுவதற்கென்றே ஒரு தாவரவியல் தோட்டம் இருக்கிறது. குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாம். எல்லா அழகும் நம் தாழ்வாரத்தில் இருக்கவேண்டும் என்பதில்லை. எப்போதும் வெல்லவேண்டும் என்ற உறுதி போர்க்களத்துக்குப் பொருந்தும். உயிர்களை வளர்க்கும் இடத்தில் சில வேளை தோற்றுக்கொடுக்கத் தெரியவேண்டும்.

வந்துவிட்ட செடியை என்ன செய்வது? பொறுத்திருக்கவேண்டும். அழுகலை வெட்டி எடுத்துக் கரித்துண்டில் நிறுத்தியபிறகு, பல வாரம் ஒன்றும் நடக்காது. செடி அப்படியே இருக்கும். நம் கை அரிக்கும். கொஞ்சம் உரம் போடலாமா, கொஞ்சம் அதிகம் நனைக்கலாமா என்று மனம் கெஞ்சும். அந்த நாட்களில்தான் நம் அன்பு உண்மையில் சோதிக்கப்படுகிறது. பிழைக்கும் செடியானால், ஒரு நாள் இலையடியிலிருந்து வெள்ளி நிறத்தில் ஒரு வேர் எட்டிப் பார்க்கும். அதன் நுனியில் ஒரு பச்சைப் பொட்டு இருக்கும். பிழைக்காவிட்டால், அதன் வேரையாவது நாம் பார்த்தோம் என்ற நினைவு மிஞ்சும். அது அடுத்த உயிருக்குப் பயன்படும்.

வாடிய ஒன்றைக் கண்டதும் கை செம்பைத் தேடுகிறது. தேடட்டும், அது நல்ல கை. செம்பைத் தூக்குமுன் அந்தக் கை ஒருமுறை தொட்டிக்குள் விரல் விட்டுப் பார்க்கட்டும்.